இருட்டறையில் இரண்டு குடுவை

முன்னொரு காலத்தில் என்றால் ரொம்ப முந்தி இல்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குள் இறங்கிய ஒரு ஆனி மாதம். அந்தக் கரையில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அதற்கு ஒரு குரு இருந்தார், வடிவாம்பிகை என்று பெயர். குருவுக்கு இரண்டு சீடர்கள் இருந்தார்கள்.

மூத்த சீடர் இசக்கிமுத்து. குருவைவிடவே மூத்தவர். கல்லூரியில் விலங்கியல் வாத்தியார்; லீவு போட்டுவிட்டு டாக்டர் பட்டத்துக்கு வந்தவர். இளையவள் ஃபெபியோலா. அவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண். இப்போது பக்கத்து மேஜை. அதுதான் அவருக்கு முள்.

குரு ஒரே தட்டிலிருந்து எடுத்து இருவருக்கும் வித்தாகக் கடல் பாக்டீரியா கொடுத்தார். கூட்டம் சேர்ந்தால் நீலமாக ஒளிவிடும் ஜாதி.

"யார் குடுவை நல்லா ஒளிருதோ, அவங்க என்னோட ஆராய்ச்சிக் கப்பல்ல வரலாம். ஒரு இடம்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில பார்த்துடுவோம்."

இசக்கிமுத்து இத்தனை வருஷமும் கடலைக் கரும்பலகையில் வரைந்தே காட்டியவர். அந்த இடம் அவருக்கு வேண்டும்.

அவர் தன் குடுவையை ராஜா வீட்டுப் பிள்ளையாக வளர்த்தார். மேலே ஒரு குழாய் வைத்து, புதுச் சத்துநீர் சொட்டிக்கொண்டே இருக்கும்படி செய்தார். பக்கத்தில் இன்னொரு குழாய். பழைய நீர் அதன் வழியாக வடிந்து சாக்கடைக்குப் போனது. பசி கிடையாது, அழுக்கு கிடையாது. கண்ணாடி மாதிரி இருந்தது குடுவை.

வெளிச்சம்தான் இல்லை.

ஃபெபியோலா தன் குடுவையைப் பஞ்சு வைத்து மூடி, ஆட்டும் மேடையில் ஏற்றிவிட்டு மறந்துபோனாள். கருவாடு ஊறின தண்ணீர் மாதிரிக் கலங்கி நாறியது அது.

"சார், இருட்டறைக்கு வந்து பாருங்களேன்! கொசு பேட் மாதிரி எரியுது!"

போய்ப் பார்த்தார். நீலம், அப்படி ஒரு நீலம்.

"நல்லாருக்கும்மா" என்றார். குடித்த டீ நெஞ்சிலேயே நின்றது.

"உங்களுதும் வந்துடும் சார். அந்தக் குழாயை எடுத்துட்டு, மூடி அப்படியே விட்டுப் பாருங்களேன்."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியாக்கும்?"

"ஐயோ, இல்ல சார்."

மறுநாள் குருவும் அதையே சொன்னார். "மூடி வைங்க சார்."

ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று நினைத்தார் இசக்கிமுத்து. நல்ல வித்து அவளுக்கு, மட்ட வித்து எனக்கு. பரீட்சையில் செல்லின் படத்தைத் தலைகீழாக வரைந்த பெண்ணுக்குக் கப்பல்! மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகக் கொண்டுபோய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் சிரிக்கும் சத்தம் அங்கேயும் கேட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பஸ்ஸுக்கு ஓடியதும், எழுந்து இருட்டறைக்குப் போய் அவள் குடுவையின் பஞ்சை எடுத்தார். தன் குடுவையிலிருந்து இரண்டு குழாய்களையும் பிடுங்கி அதில் செருகினார். குழாய் போய்த் திறந்து கிடந்த தன்னுடையதை அந்தப் பஞ்சாலேயே மூடி மேடையில் வைத்தார்.

விஷமா வைத்தேன், நல்ல சாப்பாடுதானே கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

விடிந்தும் விடியாமலும் இருட்டறைக்கு வந்துவிட்டார். யாரும் பார்க்குமுன் குழாய்களைப் பழைய இடத்தில் மாட்டிவிட வேண்டும். அவள் குடுவையிலிருந்து குழாய்களை உருவிக் கையில் எடுத்தார். அது இருண்டு கிடந்தது. தன் குடுவைப் பக்கம் திரும்பினார்.

அது நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

சொட்டுகிற குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அதைத் திரும்ப மாட்டினால் இந்த வெளிச்சம் போய்விடும். மாட்டாவிட்டால் கேட்பார்கள்.

"சீக்கிரமே வந்துட்டீங்க" என்றார் குரு, வாசலிலிருந்து.

அவர் தன் குடுவையைக் காட்டினார். "மேடம், ரெண்டு வித்தும் ஒண்ணுதானா?"

"ஒரே ஊசியில எடுத்தது."

"அப்புறம் ஏன் எனக்கு மட்டும்..."

"ஒவ்வொண்ணும் ஒரு துளி வாசனையைத் தண்ணியில விடும் சார். நான் இருக்கேங்கிறது அதுங்க பாஷையில அதுதான். தண்ணியில அது சேரச் சேர, எல்லாத்துக்கும் உள்ளே இருக்கிற காவல்காரனைப் போய்த் தட்டும். வெளிச்சத்தோட சாவி அவன்கிட்டதான். நாலு பேர் தட்டினா எழுந்திருக்க மாட்டான். ஊரே தட்டணும்."

"தெரியும் மேடம். நானே பாடம் நடத்தியிருக்கேன்."

"உங்க குழாய் நல்ல சாப்பாடுதான் போட்டுச்சு. அதுங்க பேசினதை எல்லாம் சாக்கடையில கொண்டுபோய் விட்டுச்சு."

அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. ஃபெபியோலா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சார்! வந்துடுச்சா! எவ்வளவு அழகா இருக்கு!" கையைத் தட்டினாள். பிறகுதான் தன் குடுவையைப் பார்த்தாள். முகம் விழுந்தது. குழாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "என்னோடது இருட்டாயிடுச்சுன்னு உங்க குழாயை எனக்குக் கொடுத்துக் காப்பாத்தப் பார்த்தீங்களா சார்?"

குரு அவர் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கப்பலும் கிடைக்கும், நல்ல பேரும் கிடைக்கும்.

"இல்லம்மா" என்றார் இசக்கிமுத்து. "அணைக்கத்தான் போட்டேன்."



"எப்போ போட்டீங்க சார்?" என்றாள் அவள்.

"நேத்து சாயங்காலம். நீ பஸ்ஸுக்குப் போனதும்."

அவள் குனிந்து ஒரு புதுப் பஞ்சை எடுத்துத் தன் குடுவையை மூடினாள்.

"கப்பலுக்கு ஃபெபியோலா வருவா" என்றார் குரு.

"சரி மேடம்." அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் பொறுத்தார். முடியவில்லை. "ஆனா ஒண்ணும்மா, நான் ஒண்ணும் கெட்ட எண்ணத்துல... சத்துநீர்தானேன்னு... உனக்கே தெரியும், உன்னை நான் எப்பவும்..."

"தண்ணி ஊத்தாதீங்க சார்" என்றார் குரு. "சொன்னது அப்படியே இருக்கட்டும்."

இசக்கிமுத்து வாயை மூடிக்கொண்டார்.

ஃபெபியோலா முதலில் போனாள். குரு பின்னால் போனார். இசக்கிமுத்து நீல வெளிச்சத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, குழாயைச் சுருட்டி வைத்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு அவரும் நடந்தார்.