கொடிக்கால் அலகு

"கண்ணை மூடுனா கத்தி தெரியுதும்மா," என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மாள் மாங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"யாரு கத்தி?"

"செபத்தியான் கத்தி."

மலையடிவாரத்துச் சின்ன மடம் அது. உலகம்மாள்தான் குரு, சமையலும் அவளேதான். வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்தாறு. ஓய்வுபெற்ற சர்வேயர். ஊர் நிலத்தையெல்லாம் அளந்து முடித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பழைய மடக்குக் கத்திகளைச் சேர்த்து, அவற்றை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொரு கத்தியையும் விரித்துக் கட்டம் போட்ட தாளில் வைப்பார். அலகைச் சுற்றிப் பென்சிலால் வரைவார். வேப்பிலை, கிளிமூக்கு, ஆட்டுக்குளம்பு என்று பேர் எழுதுவார். செபத்தியான் பஸ் ஓட்டியவர், கத்திப் பைத்தியத்தில் இவருக்குச் சற்றும் இளைத்தவரில்லை. இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் அந்தத் தாள்களைப் பரப்பி வைத்துச் சண்டை போட்டார்கள். அவ்வளவு சந்தோஷமான சண்டை அந்தத் தெருவில் வேறு கிடையாது.

"அது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"எங்கிட்ட ஒரு வேப்பிலை இருக்குல்லா, பிடியெல்லாம் அதே மாதிரிதான். அதே மான்கொம்பு, அதே முத்திரை. ஆனா அலகு கழுத்துல அகலமா ஆரம்பிச்சு, சட்டுனு ஒரு படி இறங்கி, ஒல்லியாப் போகும். வெத்தலைக் கொடிக்கால் வச்சிருந்த ஒருத்தர் வீட்டுலேருந்து வந்தது. நாற்பது வருஷம் அவரு மடியில இருந்த கத்தி. கொடிக்கால்காரங்களுக்குன்னே அடிச்ச அலகுன்னு நாங்க முடிவு பண்ணுனோம். வேற எங்கயும் கிடையாது."

"கேட்டீங்களா?"

"என் பெட்டியையே தாரேன்னேன். நாற்பத்தோரு கத்தி. மாட்டேன்னுட்டான். கோவத்துல நானும் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். எட்டு மாசமாப் பேச்சில்ல."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கத்தி போனாப் போகுது. இந்த ஞாயித்துக்கிழமைதாம்மா போகவே மாட்டேங்குது."

"உங்க வேப்பிலை கையில இருக்கா?"

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து வெல்வெட் துணியைப் பிரித்து எடுத்தார். பிள்ளையைத் தொட்டிலில் இருந்து எடுப்பவர் மாதிரி எடுத்தார்.

"இதை வச்சு என்ன நறுக்குவீங்க?"

"நறுக்கவா?" அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நறுக்குனா அலகு கெட்டுரும்லா."

உலகம்மாள் சிரித்தாள். கையிலிருந்த கத்தியைக் கழுவித் துடைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் பாருங்க, அண்ணாச்சி. இது என்ன வடிவம்?"

பத்து வருஷமாக அந்தக் கத்தி நறுக்கிய ஊறுகாயைத் தின்றவர்தான். ஆனால் கத்தியைப் பார்த்ததில்லை. மடங்காத கத்தி அவருக்குக் கத்தியே இல்லை.

குரு கேட்டுவிட்டாளே என்று கண்ணாடியை மாட்டினார். தாளை விரித்தார். பென்சில் முதுகு வழியாகப் போய், முனையைச் சுற்றித் திரும்பி, அடிப்பக்கமாகக் கழுத்துக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது.

"படி," என்றார். "அம்மா, இது கொடிக்கால் அலகு. இது எப்படி உங்க கையில?"

"பாபநாசத்துல, விசுத் திருவிழாவுல வாங்குனேன். பதினோரு வருஷம் ஆச்சு. ரெண்டா வாங்குனாக் குறைச்சுத் தாரேன்னான் கடைக்காரன். அதோட ஜோடி அந்த ஆணியில தொங்குது. இன்னும் எடுக்கல."

ஆவுடையப்பன் எழுந்து போய் எடுத்தார். சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கத்தி. அதைக் கொண்டுவந்து, வரைந்த கோட்டின் மேல் வைத்தார்.

முதுகு சரியாகப் பொருந்தியது. கழுத்தும் பொருந்தியது. வயிறு மட்டும் கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை வெளியே நின்றது.

அவர் துவைகல்லைப் பார்த்தார். கத்தி தீட்டித் தீட்டி அதன் ஓரம் குழிந்து கிடந்தது. சுவரோரம் வரிசையாக நின்ற ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"இது அடிச்சவன் வச்ச படி இல்ல," என்றார் மெதுவாக. "தீட்டித் தீட்டித் தேஞ்சது போக, கல்லு எட்டாம மிஞ்சுன இடம்."



முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அப்புறம் தொந்தி குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். தன் வேப்பிலையை எடுத்து விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்போ அது எங்கிட்டயே இருக்கு."

"இருக்கு," என்றாள் உலகம்மாள். "இன்னும் வெளியே வரல."

அவர் போனை எடுத்தார். எட்டு மாதமாகத் தொடாத எண். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று நினைத்தபோது செபத்தியான் எடுத்தார்.

"என்னவே," என்றது அந்தப் பக்கம், விறைப்பாக.

"அந்தக் கத்தியை எடுத்துக்கிட்டு மடத்துக்கு வாரும். மாங்காய் நறுக்கணும்."

"அதுலயா? எவனாவது அதுல மாங்காய் நறுக்குவானாவே?"

"வெத்தலை நறுக்கியிருக்கான்வே. நாற்பது வருஷம் நறுக்கியிருக்கான். வாரும், சொல்லுதேன். நான் அன்னைக்குப் பேசுனது தப்பு, அதையும் சொல்லுதேன்."



"எத்தனை மாங்காய்?" என்றார் செபத்தியான்.

ஆவுடையப்பன் கூடையைப் பார்த்தார். "ரெண்டு பேருக்குக் காணும்."

போனை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு மாங்காயை எடுத்தார். வேப்பிலையின் கூர்மையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். திடீரென்று ஒரு கணக்கு ஞாபகம் வந்து கை நின்றது. சர்வேயர் புத்தி.

"நாற்பது வருஷம் ஆகுமேம்மா. எனக்கு இப்பவே அறுபத்தாறு."

உலகம்மாள் கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்போ பேசிக்கிட்டு இருக்காதீங்க, அண்ணாச்சி."