கட்டிக் காத்த ஐஸ்

தூத்துக்குடி உப்பளத்து ஓரமாக, சின்னச் சின்ன அறைகளோடு ஒரு கொட்டகை. அதில் இருந்தார் வண்டிமலைச்சி. வயது நாற்பதுதான், ஆனாலும் ஊரே அவரை மலைச்சியம்மா என்றது. சீடர் அணஞ்சபெருமாளுக்கு அறுபத்தொன்று. முப்பத்தைந்து வருஷம் பருப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காவல் இருந்தவர். அவர் காலத்தில் எலிகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே நுழைந்தது என்பார்கள்.

ஒருநாள் காலையில் அவர் குருவின் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, அந்தக் கடைசி அறை எனக்கு வேணும். ஒரு வருஷம் கதவைப் பூட்டிக்கிட்டு மௌனமா இருக்கணும்.”

“என்ன அவசரம் அண்ணாச்சி?”

“ரெண்டு வருஷம் இங்க கிடந்து இப்பத்தான் மனசு குளுந்திருக்கு. மகளுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்காம். பத்து நாள் வந்து கூட இருங்கப்பான்னு கூப்பிடுதா. அங்க போனா பிள்ளை அழும். சம்பந்தியம்மா வம்பு பேசுவாங்க. உள்ளதும் போயிரும். வரலைன்னு சொல்லிட்டேன்.”

மலைச்சியம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடித்தார்.

“வெள்ளிக்கிழமை தோணியில தீவுக்குப் போறேன். மூணு நாள் கடல். நீங்களும் வாங்க, ஐஸ் பெட்டியைப் பாத்துக்கிடுங்க. அறையைப் பத்தி அங்க வச்சுப் பேசுவோம்.”

அணஞ்சபெருமாளுக்கு வாயெல்லாம் பல். காவல் வேலை என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரிய மரப்பெட்டி. கூடவே இரண்டு ஐஸ் பார், ஒரு பானைத் தயிர், இரண்டு டஜன் பன்னீர் சோடா. தீவு கண்ணில் பட்டதும் தோணிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சில்லென்று மோர் குடிப்பது அந்தத் தோணியின் வழக்கம். தயிர் அதற்குத்தான்.

அணஞ்சபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டினார். ஐஸை முதலில் சாக்கில் சுற்றினார். அதன்மேல் கம்பளி. அதற்கும் மேல் உமியைக் கொட்டித் தார்ப்பாயில் பொதிந்து, கயிறு போட்டு இறுக்கினார். தயிர்ப்பானையையும் சோடாவையும் பெட்டியின் மறுகோடிக்குத் தள்ளி, நடுவில் ஒரு பலகையைச் செருகினார். அதுகளின் சூடு பட்டு ஐஸ் கெட்டுவிடக் கூடாதாம்.

மலைச்சியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நல்லாக் கட்டுதிய அண்ணாச்சி,” என்றார்.

தோணி கிளம்பியது. அணஞ்சபெருமாள் பெட்டிமேலேயே உட்கார்ந்தார், அதன்மேலேயே சாப்பிட்டார், அதன்மேலேயே தூங்கினார்.

இரண்டாம் நாள் சமையல்காரர் வேதமுத்து விரலைச் சுட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

“பெரியவரே, ஒரு துண்டு ஐஸ் குடுங்க. எரியுது.”

“மூடியைத் திறந்தா குளிர் போயிரும்பா. கடல்தண்ணியில முக்கு.”

“கடல்தண்ணி உப்பாச்சே, இன்னும்ல எரியும்?”

“அப்போ ஊது.”

வேதமுத்து ஊதிக்கொண்டே போனார். மலைச்சியம்மா அவரைக் கூப்பிட்டு விரலில் தேன் தடவிவிட்டார்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் தீவு தெரிந்தது. தோணியை ஓட்டும் தண்டல் சவரிராயன் எஞ்சினை நிறுத்தினார். தோணிக்காரர்கள் எட்டுப் பேரும் டம்ளரோடு வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அணஞ்சபெருமாள் கயிற்றை அவிழ்த்தார், தார்ப்பாயை விரித்தார், உமியைத் தள்ளினார், கம்பளியை உரித்தார். கல்யாணப் பெண்ணைக் கூட்டிவருகிற பக்குவம்.

ஐஸ் இருந்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் மழுங்கி, மற்றபடி ஏற்றின மேனிக்கு இருந்தது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா அம்மா?”

வேதமுத்து தயிர்ப்பானையைத் திறந்தார். நுரை பொங்கி நின்றது. தண்டல் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். அவருடைய ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“புளியங்காய் தோத்துச்சு,” என்றார்.

சோடா பாட்டிலைத் தொட்டவர் கையை உதறினார். “இதுல டீத்தூளைப் போட்டாப் போதும்.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அணஞ்சபெருமாளுக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. எட்டுப் பேர் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். காவல்காரன் வேலையில் அவர் ஒருநாளும் இப்படித் தோற்றதில்லை.

“அம்மா, ஐஸ் அப்படியே இருக்கு.”

“இருக்கு அண்ணாச்சி.”

“பின்ன எப்படித் தயிர் கெட்டுச்சு?”

“ஐஸ் அப்படியே இருந்ததாலதான்.”

மலைச்சியம்மா சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“உடைங்க.”

“உடைச்சா உருகிருமே.”

“உருகாம இருக்கத்தான் கல்லு இருக்கே. நம்ம ஏத்திக்கிட்டு வந்தது ஐஸு.”

அவர் கை சுத்தியலைத் தூக்க மறுத்தது. முதல் அடி பெற்ற பிள்ளையை அடிக்கிற மாதிரி விழுந்தது. பத்தாவது அடிக்கு வேகம் வந்துவிட்டது. வேதமுத்து புளித்த தயிரில் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றி, உப்பும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்டு, ஐஸை அள்ளிக் கொட்டினார். சோடா பாட்டில்கள் மிச்ச ஐஸில் புதைந்தன. அணஞ்சபெருமாள் நல்லதாக ஒரு துண்டு பொறுக்கி, வேதமுத்துவின் கொப்புளத்தில் தானே வைத்து அழுத்தினார்.

“இப்போ எதுக்கு? ஆறிப்போச்சே,” என்றார் வேதமுத்து. ஆனாலும் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.

மோர் சுற்றி வந்தது. குடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். தண்டல் ஏப்பம் விட்டு, “நல்லா இருங்க பெரியவரே,” என்றார். பெட்டியில் ஐஸ் மளமளவென்று குறைந்துகொண்டு வந்தது. அணஞ்சபெருமாள் அதைப் பார்த்தார். பார்த்தும் அவருக்கு வயிறு எரியவில்லை, அது அவருக்கே ஆச்சரியம். தன் டம்ளரோடு குருவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அம்மா, அந்த அறை…”

மலைச்சியம்மா மோரை ஒரு மிடறு குடித்தார்.

“பேத்திக்குப் பேரு வச்சாச்சா அண்ணாச்சி?”

அவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்டதே இல்லை. டம்ளரில் கிடந்த கடைசித் துண்டு ஐஸ் கரைகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தண்டலிடம் போய், தோணி என்றைக்குத் திரும்பும் என்று கேட்டார்.