மதலேனம்மாள் கடைசியாக விட்டது

சங்குமுனை என்னும் கடலோர ஊரில், மீனைக் கீறி உப்பிட்டு மணலில் உலர்த்தும் கூலி வேலை செய்து வாழ்ந்தவர் மதலேனம்மாள். கணவரைக் கடல் கொண்டுபோயிற்று, பிள்ளைகள் இல்லை. விடியற்காலைத் திருப்பலி கண்ட பிறகே வேலைக்குப் போவார். கை மீனைக் கீறும்போதெல்லாம் வாய் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் அவர் ஏதேனும் ஒன்றை விடுவார். மற்றவர்கள் தாங்கள் விட்டதை உயிர்ப்புத் திருநாளன்று திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அவர் எடுப்பதில்லை. அப்படித்தான் செருப்பு போயிற்று, டீ போயிற்று, தலையணையும் போயிற்று.

"மதலேனா அடுத்த தவசுக்கு வீட்டுக் கூரையையும் பிரிச்சிருவா" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி பேசினார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனாலும் ஓர் ஆசை உள்ளே இருந்தது. இயேசு தம் கடைசிப் பந்தியில் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகப் பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும்போது, அவர்களில் ஒருவராகத் தாமும் உட்கார வேண்டும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆண்டுத் தவக்காலத்தில், விசைப்படகு முதலாளியின் மனைவி ரெஜினா நகைகளைக் கழற்றிவிட்டு, நூல் சேலையில், வெறுங்காலோடு கோயிலுக்கு வந்தார். குருவானவர் பிரசங்கத்தில் அவரைப் புகழ்ந்தார். பன்னிரண்டு பேரில் அவர் பெயரும் வாசிக்கப்பட்டது.

மதலேனம்மாளுக்கு வயிறு எரிந்தது. "ஆண்டவரே, நான் இருவது வருசமா வெறுங்காலோட நடக்கேன். உமக்குக் கண்ணு தெரியலியா?" என்று பீடத்தைப் பார்த்தே கேட்டார். அன்றிலிருந்து கஞ்சிக்கு உப்புப் போடுவதையும் விட்டார்; பாயையும் சுருட்டி வைத்தார். எரிச்சல் அடங்கவில்லை. ரெஜினா நடந்து போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய புதனன்று பிற்பகலில், நொண்டியபடி ரெஜினாவே அவர் குடிசைக்கு வந்தார்.

"யக்கா, கால்ல மீன் முள்ளு ஏறிட்டு. நாலு நாளாச்சி. வீட்ல சொன்னா செருப்பைப் போடச் சொல்லுவாவ. சீழு வச்ச காலைச் சாமி முன்னால எப்பிடி நீட்டுவேன்? நாளைக்கு நான் வரலன்னு சொல்லிரட்டா?"

'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓர் இடம் காலியாகும். மதலேனம்மாளின் மனம் துள்ளியது. துள்ளிய மறுகணமே அவர் தம்மைக் கண்டு அஞ்சினார். டீயை விட்டவர், பாயை விட்டவர், இந்த ஆசை ஒன்றை மட்டும் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாரே!

அடுப்பில் தண்ணீரைச் சுட வைத்தார். உப்புப் போட்டு, தரையில் மண்டியிட்டு, ரெஜினாவின் பாதத்தை மடியில் ஏந்திக் கழுவினார். ஊசியைத் தீயில் காட்டி முள்ளை எடுத்தார். சீழைத் துடைத்துக் கட்டும் போட்டார்.

"ஒங்க மேல எனக்குப் பொறாமம்மா" என்றார் தலை நிமிராமல்.

ரெஜினா அவர் தோளைத் தொட்டார். "எனக்குந்தாங்க்கா. செபம் சொல்லும்போது ஒங்க மொகத்துல ஒரு நெறவு இருக்கும். அதுக்காவத்தான் நகையைக் கழத்துனேன். எனக்கு வரல."

இருவரும் அழுதார்கள்.

மறுநாள் மாலை, குருவானவர் தண்ணீரோடு ரெஜினாவின் முன்னால் வந்து குனிந்தார். ரெஜினா காலை உள்ளிழுத்துக்கொண்டார்.

"எங்காலை ஏற்கெனவே கழுவியாச்சி சாமி. கழுவுனவுக கடைசி வரிசையில நிக்காவ. அவுகளக் கூப்பிடுங்க."

கோயிலே திரும்பிப் பார்த்தது. குருவானவர் கைநீட்டி அழைத்தார். மதலேனம்மாள் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் பாதத்தில் விழுந்தபோது, அவர் எண்ணத்தில் தம் கால்கள் இல்லை; முந்தின நாள் மண்டியிட்டிருந்த தரையே இருந்தது. பாதம் கழுவப்பட வேண்டும் என்றுதான் இத்தனை ஆண்டுகளும் கேட்டிருந்தார். ஆண்டவரோ அன்று சீடர்களுக்குத் தாம் செய்த வேலையையே அவர் கையில் கொடுத்திருந்தார்.

விட முடியாததை விட்ட அந்த எளிய தாயை இறைவன் தம் பந்தியில் அமர்த்தினார். அவர் பாதங்கள் வாழ்க!