நூற்றெட்டு நாமம் தெரியாத குதிரை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குப் பக்தி முற்றிப்போனது. சும்மா முற்றினால் பரவாயில்லை. நாட்டில் யாருக்குப் பக்தி உண்டு, யாருக்கு இல்லை என்று பிரித்துப் பார்க்கும் ஆசையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. வேலை இல்லாத ராஜாவென்றால் இப்படித்தான்.

மந்திரி வல்லபராயருக்கு அது நல்ல வாய்ப்பாகப் போயிற்று. அரண்மனை விகடன் ஆண்டியப்பன்மேல் அவருக்கு நெடுநாள் எரிச்சல். ஊர் முச்சந்தியில் பேச்சாயி என்ற பெண் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தாள். அதற்குப் பானை வாங்கிக் கொடுத்தவன் ஆண்டியப்பன். பேச்சாயி எந்தக் கோயிலுக்கும் போகாதவள், வருகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்றும் கேட்காதவள் என்று மந்திரி போட்டுக் கொடுத்தார். அன்று காலையே உத்தரவு பிறந்தது: நூற்றெட்டு நாமம் சொல்லாத எந்த வாய்க்கும் அந்தப் பந்தலில் தண்ணீர் கூடாது, ஒருவருக்குக் கொடுத்தாலும் பந்தலுக்குத் தீ. காவலுக்கு ஆண்டியப்பனே நிற்க வேண்டும்.

பேச்சாயி அழுதுவிட்டாள்.

"எம் புருசன் இந்த முச்சந்தியிலதான் நாக்கு வறண்டு செத்தாருய்யா. இன்னொருத்தர் அப்படிச் சாகக் கூடாது. எனக்கு வேற சாமி தெரியாது."

ராஜா ஏரிக்கரை பார்க்கப் போயிருக்கிறார், உச்சிவேளைக்கு இந்த வழியாகத்தான் திரும்புவார், அதுவரை பொறுத்துக்கொள் என்றான் ஆண்டியப்பன்.

உச்சிவேளையில் ராஜா வந்தார். பின்னால் பல்லக்கில் மந்திரி. உப்புமூட்டை சுமந்தவள், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி என்று பந்தல் நிழலில் பலர் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ராஜாவின் குதிரைக்கு வாயில் நுரை தள்ளியது. முதலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார் ராஜா.

ஆண்டியப்பன் குதிரையின் எதிரே கைகட்டி நின்று, நூற்றெட்டு நாமத்தைச் சொல்லியருளும்படி பணிவாகக் கேட்டான். குதிரை கனைத்தது.

"ஒன்று ஆயிற்று. இன்னும் நூற்றேழு" என்றான்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயில்லாப் பிராணிக்கு நாமம் தெரியுமா? காலையிலிருந்து இந்த வெயிலில் என்னைச் சுமந்து வந்திருக்கிறது. இதைவிடப் பெரிய பக்தி எது?"

"அந்த வார்த்தையையே உத்தரவாக்கி அருள வேண்டும், மன்னா. இன்னொருவருக்காகச் சுமந்தவருக்குத் தண்ணீர்."

குதிரையின் கண்ணைப் பார்த்த ராஜா, அதுவே உத்தரவு என்று முத்திரை மோதிரத்தைக் கழற்றி ஆண்டியப்பனிடம் கொடுத்தார். ஒரு தொட்டியில் நீரைத் தாமே தூக்கிவந்து குதிரைக்கு வைத்தார். அதனால் அவருக்கும் ஒரு குவளை கிடைத்தது. உப்புக்காரி குடித்தாள், பிள்ளைக்காரி குடித்தாள், பல்லக்குத் தூக்கிகள் வயிறு முட்டக் குடித்தார்கள்.

மந்திரி கை நீட்டினார். மந்திரியார் இன்று எதைச் சுமந்தார் என்று ஆண்டியப்பன் விசாரித்தான். பல்லக்குத் தூக்கிகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தாகம் யாரை விட்டது? காலியான பானையைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்கு நடந்தார் வல்லபராயர். பட்டு நனைந்து, தலைப்பாகை சரிந்து, நிறைபானையோடு திரும்பினார். பேச்சாயி ஒன்றும் கேட்கவில்லை. முதல் குவளையை அவரிடமே நீட்டி, "மெதுவாக் குடிங்கய்யா, பொரை ஏறும்" என்றாள். மந்திரி தலை குனிந்து குடித்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோதிரத்தை ஆண்டியப்பனே வைத்துக்கொள்ளட்டும் என்றார். பந்தலை ஒட்டி ஒரு கிணறு வெட்டவும் கட்டளையிட்டார்.

கிணறு வெட்டி முடிய இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை நாள் தவறாமல் ஒரு பானைத் தண்ணீர் பழைய கிணற்றிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் வல்லபராயர், யாரும் சொல்லி அவர் வரவில்லை.