பக்கவாசல் கதவு

"ஒட்டுப் போட்டது தெரியாம எப்படி முடிக்கிறது, டீச்சர்?" என்று கேட்டார் மாசிலாமணி.

அறுபதைத் தாண்டியவர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு, பாட்டு அமைக்கக் கற்றுக்கொள்ள ஹெப்சிபா டீச்சரிடம் வந்து சேர்ந்திருந்தார். டீச்சர் அவரைவிட நன்றாக இளையவர். ஆனாலும் டீச்சர் முன்னால் மாசிலாமணி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. டீச்சரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதை விட்டதில்லை.

முடிக்க வேண்டியிருந்தது சற்குணம் ஐயாவின் பாட்டு. ஒரு காலத்தில் ஊர்த் தேவாலயச் சபையின் பாடகர் குழுவை நடத்தியவர் அவர். சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளுக்கும் நாலு குரலில் பாட்டு அமைக்கத் தொடங்கினார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களின் ஞாயிறு மாலைகளுக்கு ஒவ்வொன்றாக ஆறு முடிந்தது. பெரிய வெள்ளிக்கான ஏழாவதைப் பாதி எழுதியிருந்தபோது இறந்துபோனார்.

பாதிப் பாட்டை யாரும் பாடிப் பார்க்கவில்லை. வருடா வருடம் பெரிய வெள்ளியன்று ஏழாம் வார்த்தை வரும்போது குழு எழுந்து நிற்கும், பாடாமலே உட்காரும். சபைக்கு அது பழகிவிட்டது. புதிதாக வந்த போதகருக்குத்தான் பழகவில்லை. "யாராவது முடிங்களேன்" என்றார். இப்போது குழுவை நடத்தும் டீச்சர் மாசிலாமணியைக் கைகாட்டிவிட்டார்.

"அவர் எங்க விட்டாரு, நான் எங்க பிடிச்சேன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஊரே சிரிக்கும். மீட்டர் பார்த்தவன் சற்குணம் ஐயா பாட்டுல கை வச்சிட்டான்னு சொல்லுவாங்க."

"எழுதிட்டு வாங்க, அண்ணாச்சி. பாடிப் பாப்போம்."

மாசிலாமணி ஆறு பாட்டையும் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஐயா எந்த இடத்தில் டெனரை, அதாவது ஆண்களின் மேல்குரலை, ஏற்றுகிறார், எந்த இடத்தில் எல்லாரையும் மூச்சு விடச் சொல்கிறார் என்று தேடித் தேடிப் படித்தார். ஆறிலும் ஒரே ஒரு வழக்கம் மாறாமல் இருந்தது. முடியும் தறுவாயில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், ஓய்ந்துவிடும். மற்ற மூன்று குரலும் பாட்டை முடித்துவைக்கும்.

அதைக் கண்டுபிடித்ததும் மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. மகனைச் சிலுவையில் பார்த்த தாய்க்குத் தொண்டை அடைத்துப் போகிறது; அதைத்தான் ஐயா எழுதியிருக்கிறார் என்று நினைத்தார். தன் பாதியிலும் ஆல்டோவை ஓயவிட்டார்.

சனிக்கிழமை மாலை ஒத்திகை. பாட்டு தொடங்கி, ஐயா விட்ட இடம் வந்து, போயும் விட்டது. ஒருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. மாசிலாமணிக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

ஆல்டோ ஓயும் இடம் வந்தது. டீச்சர் வலது கையால் தாளம் காட்டிக்கொண்டே, இடது கையால் ஆல்டோ பாடும் நாலு பேருக்கும் பக்கவாசலைக் காட்டினார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தியான ஜாய்ஸ் தன் நெஞ்சைத் தொட்டு, 'நாங்களா?' என்பதுபோல் புருவம் உயர்த்தினாள். டீச்சர் தலையசைத்தார்.

பக்கவாசலுக்கு எண்ணெய் போட்டு எத்தனையோ காலம். கிறீச்சென்ற சத்தத்தில் டெனர்கள் ஒரு சொல்லைத் தவறவிட்டார்கள். நாலு பேரும் வெளியே போனார்கள். மிச்சப் பாட்டு முடிந்தது.

"ஒட்டு தெரியுதா, டீச்சர்?"

"இல்ல. துளிகூடத் தெரியல."

"பிறகு ஏன் அவங்கள வெளிய அனுப்புனீங்க?"

"நான் எங்க அனுப்புனேன்? அனுப்புனது நீங்க. நான் கதவைத்தான் காட்டுனேன்."

வெளியிலிருந்து ஜாய்ஸ் குரல் கொடுத்தாள். "டீச்சர், பாட்டுல வேலை இல்லன்னா வீட்டுக்காவது போகட்டுமா? மாவாட்ட அரிசி ஊறுது."

பேஸ் பாடும் ஆண்கள் சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை. தாயின் தொண்டை அடைத்துப்போனதைப் பற்றி விளக்கமாகச் சொன்னார். டீச்சர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"ஐயா காலத்துல ஆல்டோ பாடினது பூராவும் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸுங்க, அண்ணாச்சி. எங்கம்மாவும் அதுல ஒருத்தி. ஞாயித்துக்கிழமை ராத்திரி டூட்டிக்கு மணி அடிச்சிரும். பாட்டு முடியறதுக்கு முந்தியே இந்தக் கதவு வழியா ஓடணும். அவங்க ஓடறதுக்குத்தான் ஐயா அப்படி எழுதிக் குடுத்தாரு."

மாசிலாமணி தன் காகிதத்தில் ஆல்டோ ஓயும் இடத்தைப் பார்த்தார்.

"அப்ப அது துக்கம் இல்லியா?"

"எங்கம்மாவுக்கு இருந்துச்சு. ஒரு பாட்டையாவது முடிவு வரைக்கும் பாடணும்னு சொல்லிட்டே இருப்பா. ரோட்டுல நடக்கும்போது காதுல விழுந்ததுதான் அவளுக்கு முடிவு."

"ஏழாவது பாட்டுக்கும் ஓடியிருப்பாங்களா?"

"பெரிய வெள்ளி ஆராதனை பகல்லயே முடிஞ்சிரும். அன்னைக்கு யாருக்கும் ஓட்டம் கிடையாது. ஐயா மனசுல என்ன வச்சிருந்தாரோ, யாருக்குத் தெரியும்?"

மாசிலாமணி பக்கவாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். நாலு பெண்களும் சைக்கிள் நிறுத்துமிடத்து நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாய்ஸ் மட்டும், உள்ளே பாடியதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒன்றைத் தன்போக்கில் முனகிக்கொண்டிருந்தாள். அவர் அங்கேயே நின்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை புதிதாக எழுதிக்கொண்டு வந்தார்.

இந்த முறை மூன்று குரலும் தணிந்து தணிந்து நிற்கும் இடத்தில் ஆல்டோ தனியாக எழுந்தது. மற்றவர்கள் அதன் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் நிறுத்திய பிறகும் கடைசி ஸ்வரம் ஆல்டோவிடமே இருந்தது. பாடி முடித்ததும் ஜாய்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வையுங்களேன்" என்றாள். ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாசிலாமணிக்கு மனம் நிறைந்திருந்தது. ஆனாலும் பழைய பயம் போகவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், ஆறு பாட்டுல ஒண்ணுலயும் இப்படி வராது. இப்ப ஒட்டுப் போட்டது அப்பட்டமாத் தெரியுமே. சபையில இருக்கவங்க கண்டுபிடிச்சிருவாங்களே?"

டீச்சர் காகிதங்களை அடுக்கி மேசைமேல் தட்டிச் சரிசெய்தார்.

"போனவங்க திரும்பி வந்தா, கதவு சத்தம் கேக்கத்தானே செய்யும், அண்ணாச்சி."