கரடி எடுத்த இன்சூரன்ஸ்

பலாமரங்கள் மண்டிக் கிடந்த ஒரு காட்டில் ஒரு கரடி தேன் வியாபாரம் செய்து வந்தது. அது மகா கஞ்சன். நேரில் சொன்னால் கோபித்துக்கொள்ளும். நமக்குள் சொல்லிக்கொள்ளலாம், குழந்தைகளே.

ஒரு நாள் கரடி ஒரு கார் வாங்கியது. மாலை போட்டு, குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது. சாரல் மழை தொடங்குவதற்குள் நாற்பது குடம் தேனையும் மலைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றாக வேண்டும். அதை வைத்துத்தான் வருடம் முழுக்க அதன் சாப்பாடே.

இன்சூரன்ஸ் விற்கும் கொக்கு வந்தது.

"கரடியாரே, ஒரு குடம் தேன் கொடுத்தால் முழு இன்சூரன்ஸ். உங்கள் காருக்கு என்ன ஆனாலும் நாங்கள் சரிசெய்து தருவோம். ஒரு கிண்ணம் தேன் கொடுத்தால், நீங்கள் யாரையாவது இடித்தால் அவர்களுடைய சேதத்துக்கு மட்டும் கொடுப்போம்."

"கிண்ணமே போதும்! போலீஸ் ஓநாய் மடக்கினால் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதானே?"

"உங்கள் காருக்கு அடிபட்டால்?"

"அதற்குத்தான் திருஷ்டி கழித்தாகிவிட்டதே! நான்கு எலுமிச்சம்பழம் என்ன சும்மாவா?"

கொக்கு பெருமூச்சு விட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டது. அதிலும் ஒரு விரல் அளவு குறைவாகத்தான் இருந்தது.

மறுநாள், வெயிலில் பெயின்ட் வெளுத்துவிடுமே என்று கரடி காரைப் பலாமர நிழலில் நிறுத்தியது.

தொம்!

நன்றாகப் பழுத்த பலாப்பழம் ஒன்று கூரையின் நட்டநடுவில் விழுந்தது. கூரை சீட்டைத் தொட்டது. கண்ணாடியெல்லாம் தூள் தூள்.

"ஐயோ, என் கார்!" என்று கரடி கதறியது.

மெக்கானிக் குரங்கு காரை மூன்று முறை சுற்றி வந்தது. "கூரை, கண்ணாடி, கதவு... முப்பது குடம் தேன் ஆகும்" என்றது.

கரடி இன்சூரன்ஸ் காகிதத்தை எடுத்துக்கொண்டு கொக்கிடம் ஓடியது.

"நீங்கள் மரத்தை இடித்தீர்களா?" என்று கேட்டது கொக்கு.

"இல்லை, மரம்தான் என் காரை இடித்தது!"

"மரத்துக்கு ஏதாவது அடியா?"

"அதற்கென்ன, ஜம்மென்று நிற்கிறது."

"அப்படியானால் உங்கள் இன்சூரன்ஸில் ஒன்றும் கிடைக்காது, கரடியாரே."

கரடி போனது. அரை மணி நேரத்தில் கூலிங் கிளாஸும் தலைப்பாகையுமாகத் திரும்பி வந்தது.

"வணக்கம். நான் வேறு கரடி. அந்தக் கரடி என் காரை இடித்துவிட்டது. நீங்கள்தானே எனக்குத் தர வேண்டும்?"

"கட்டாயம் தருகிறோம். எங்கே இடித்தது?"

"கூரையில்."

"கூரை மேலேயா கார் ஓட்டியது?"

கரடி திருதிருவென்று விழித்தது. "கொஞ்சம்... வேகமாக வந்துவிட்டது."

"உங்கள் மூக்கில் பலாச்சுளை ஒட்டியிருக்கிறது. துடைத்துக்கொள்ளுங்கள்" என்றது கொக்கு.

கரடி தொங்கிய முகத்தோடு குரங்கிடம் வந்தது. "பத்துக் குடத்துக்குள் ஏதாவது செய்ய முடியுமா, தம்பி?"

"கூரையை வெட்டி எடுத்துவிடுகிறேன். கார் ஓடும்."

"அதுவும் நல்லதுதான். காற்று வரும்!" என்றது கரடி.

மீதி முப்பது குடங்களையும் வாயில் துணி கட்டி ஏற்றிக்கொண்டு கரடி கிளம்பியது. பாதி மலை ஏறியதும் சாரல் பிடித்துக்கொண்டது. இருந்ததோ ஒரே ஒரு குடை. ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குடங்களுக்குக் குடை பிடித்தது. ஒரே காற்றில் குடையும் பறந்தது. துணியெல்லாம் ஊறி, மழைத் தண்ணீர் குடங்களுக்குள் இறங்கியது.

சந்தையில் முதலில் வந்த மான் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தது. "கரடியாரே, இது வெறும் தண்ணீர் அல்லவா! தேன் எங்கே?" என்றது.

யாரும் ஒரு குடம்கூட வாங்கவில்லை. பாவம், கரடிக்கு அழுகையே வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, வருடம் முழுக்கச் சாப்பிடக் கிழங்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று மானிடமே விசாரித்தது.

நீதி: ஊருக்குக் காட்ட மட்டும் தேடிக்கொள்ளும் பாதுகாப்பு, நமக்கு அடிபடும்போது உதவாது.