இருவாட்சிக் கூட்டின் சுவர்

மேகங்கள் இறங்கி வந்து மரங்களுக்கு நடுவே படுத்துத் தூங்கும் மலைக்காடு அது. அங்கே பகல்கூடப் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். பிள்ளைகளே, அந்தக் காட்டில் நெடுமூக்கன் என்றொரு இருவாட்சிப் பறவை இருந்தான். எல்லாரும் தூங்குகிற காட்டில் அவன் ஒருவன் மட்டும் விழித்திருந்து கவலைப்படுவான்.

இருவாட்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு இடுக்கு மட்டும் விட்டுவைக்கும். தந்தைப்பறவை அதன் வழியே பழம் ஊட்டும். குஞ்சுக்குச் சிறகு முளைக்கும்வரை அந்தச் சுவரை வெளியிலிருந்து யாரும் தொடுவதில்லை.

நெடுமூக்கனின் மனைவி அல்லியும் குஞ்சு மொட்டுவும் அப்படி ஒரு பொந்துக்குள்தான் இருந்தார்கள்.

ஒருநாள் காலையில் அவன் அத்திப்பழம் பறிக்கப் போனான். அங்கே மஞ்சமூக்கி என்ற மைனா, குஞ்சுகளை வரிசையாக உட்காரவைத்து எண்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெருமையடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"என்ன அண்ணே, உங்கள் மொட்டு எத்தனை வரை சொல்கிறாள்?"

"இப்போதுதான் கண் திறந்திருக்கிறாள்."

"கண் திறந்தாயிற்று, வாய் திறக்கவில்லையா? என் பிள்ளை நூறு வரை சொல்கிறான், கேளுங்கள்."

மைனாக் குஞ்சு மூச்சுவிடாமல் நூறு வரை சொன்னது. நெடுமூக்கன் மெல்லக் கேட்டான்: "தம்பி, அந்தக் கிளையில் எத்தனை பழம்?"

கிளையில் இருந்தவை மூன்று. குஞ்சு மறுபடியும் ஒன்றிலிருந்து நூறு வரை சொல்லி முடித்தது.

"பார்த்தீர்களா!" என்றாள் மஞ்சமூக்கி. "மழை இறங்கிவிட்டால் புதிதாக யாரையும் சேர்க்கமாட்டேன். நாளைக்குள் அழைத்து வாருங்கள். இல்லையென்றால் உங்கள் பெண் கடைசிவரை பின்னால்தான் நிற்பாள்."

நெடுமூக்கன் பனிமூட்டத்துக்குள் பறந்தான். ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தோன்றியது. சரியில்லாதது அந்தப் பாடமா, தானா? தன் சோம்பலுக்குத்தான் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறானா? அவன் யோசிக்க யோசிக்க மேகம் அடர்ந்துகொண்டே போனது.

கூட்டுக்கு வந்ததும் பழத்தை இடுக்கின் முன்னால் நீட்டிப் பிடித்தான்.

"மொட்டு, ஒன்று என்று சொல். பழம் தருகிறேன்."

இடுக்கில் அல்லியின் அலகு தெரிந்தது.

"அவள் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறாள்" என்றாள் அல்லி. "முதலில் பழத்தைக் கொடுங்கள்."

"மற்ற குஞ்சுகளெல்லாம் நூறு வரை சொல்கின்றன, அல்லி."

"மற்ற குஞ்சுகளுக்கு உங்களைப்போல ஒரு அப்பா இல்லை. பிழைத்துக்கொண்டன."

அவனுக்குச் சுருக்கென்றது. மழை வாசம் வேறு காற்றில் வந்துவிட்டது. "நாளைக்குள்" என்ற சொல் காதிலேயே சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு அலகால் சுவரைக் கொத்தினான். மண் பெயர்ந்து பொந்துக்குள் விழுந்தது. இடுக்கு பெரிய ஓட்டையானது.

"என்ன காரியம் செய்கிறீர்கள்?" என்று அல்லி பதறினாள். "என் சிறகெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. அவளுக்கோ இன்னும் முளைக்கவே இல்லை. யார் பறப்பது?"

நெடுமூக்கன் எட்டிப் பார்த்தான். வெளிச்சம் பட்டதும் மொட்டு சுருண்டுகொண்டாள். இளஞ்சிவப்புத் தோல் குளிரில் நடுங்கியது. அப்போதுதான் தான் செய்தது அவனுக்குப் புரிந்தது.

அதே நேரம் மரத்தடியில் ஓர் உடும்பு தலையைத் தூக்கி, நாக்கை நீட்டிக் காற்றை நக்கியது.

"கதவைத் திறந்துவைத்துக் கூப்பிடுகிறாயே, நல்ல மனசு உனக்கு" என்று சொல்லிக்கொண்டே மரத்தில் ஏறத் தொடங்கியது.

நெடுமூக்கன் பாய்ந்து இறங்கி அதன் தலையில் கொத்தினான். உடும்பு சறுக்கியது, மறுபடி ஏறியது. அவன் மறுபடி கொத்தினான். சுவரை அடைக்கப் போனால் உடும்பு ஏறிவிடும். உடும்பை விரட்டினால் சுவர் திறந்தே கிடக்கும். பிற்பகல் முழுதும் பனிக்குள்ளே அவனுடைய சிறகுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் உடும்பு சலித்துப்போய்ப் புதருக்குள் மறைந்தது.

இறகு கலைந்து, அவன் கூட்டுக்குத் திரும்பினான். கூட்டைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பெரிய ஓட்டையைக் காணோம். ஈரமண்ணால் முக்கால்வாசி அடைபட்டிருந்தது.

"அல்லி, மன்னித்துவிடு. நீயே அடைத்துவிட்டாயா?"

"பாதிதான் நான் செய்தது. மீதியை எனக்கு விடமாட்டேன் என்கிறாள் உங்கள் மகள். சத்தம் போடாமல் பாருங்கள்."

உள்ளே மொட்டு, விழுந்த மண்ணைச் சின்ன அலகால் உருட்டி உருட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கே ஒன்று. இங்கே ஒன்று. அம்மா, இன்னும் ஒன்று போதும். அதற்கு மேல் வைத்தால் அப்பா மூக்கு உள்ளே வராது."

நெடுமூக்கன் கீழே பறந்துபோய், முன்பு நழுவவிட்ட பழத்தை எடுத்து வந்தான். காட்டின்மேல் முதல் மழை மெதுவாக இறங்கியது. பிறகு அவன் பழத்தை இடுக்கில் நுழைத்தான். சரியாக நுழைந்தது.

எத்தனை பழம் என்று அவன் கேட்கவில்லை. மொட்டு சாப்பிட்டாள்.

நீதி: பாடம் தொடங்கும் நாளை அண்டைவீட்டைப் பார்த்துக் குறிக்காதே, உன் குழந்தையைப் பார்த்துக் குறி.